இருபது பவுண்டும் இலவசக் கப்பலும்: 1927 திட்டத்தில் நேட்டாலை விட்டுப் போன தமிழ்க் குடும்பங்கள்

வேலூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவருடைய பாட்டி தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் பிறந்தவர். 1928ல், சிறு பெண்ணாக இருந்தபோது, அப்பா அம்மா தம்பிகளோடு டர்பனில் கப்பலேறி மதராஸில் வந்து இறங்கினாராம். "தலைக்கு இருபது பவுண்டு கொடுத்து அனுப்பி வைச்சுட்டான்" என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாராம். இது நாடு கடத்தலா, அவர்களாக விரும்பி வந்ததா? திரும்பிப் போக உரிமை இருந்ததா? இருந்தால் இன்றைக்கு அதை வைத்துப் பேரப்பிள்ளைகள் ஏதாவது கேட்க முடியுமா? கொள்ளுத்தாத்தாவின் பதிவு எங்கே கிடைக்கும்?

நான் இருப்பது டர்பனில். இங்குள்ள தமிழ்க் குடும்பங்களுக்குப் பழைய பதிவேடுகளைத் தேடிக்கொடுக்கிற வேலையில் பல வருஷமாக இருக்கிறேன், அதனால் இந்தக் கேள்வி ஏதாவது ஒரு ரூபத்தில் வந்துகொண்டேதான் இருக்கும். நாடு கடத்தலா என்றால், காகிதப்படி இல்லை. விரும்பி வந்தார்களா என்றால், அதற்கு ஆமாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

முதலில் அசல் நாடு கடத்தல் எப்படி இருந்தது என்று பார்த்துவிட்டால் வித்தியாசம் புரியும். 1910ல் தென்னாப்பிரிக்காவின் இன்னொரு பகுதியான டிரான்ஸ்வாலின் அரசு, காந்தியோடு சேர்ந்து போராடிய சத்தியாகிரகிகளைப் பிடித்து, மனைவி பிள்ளைகளை அங்கேயே விட்டுவிட்டு, போர்த்துகீசியர் வசமிருந்த டெலகோவா விரிகுடா வழியாக இந்தியாவுக்குக் கப்பலேற்றியது. அவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். மதராஸில் பதிப்பாளர் ஜி. ஏ. நடேசன்தான் அவர்களுக்குச் சோறு துணி பார்த்து, திரும்பவும் கப்பலேற்றி அனுப்பினார். அப்படித் திரும்பி வந்த நாராயணசாமியை எந்தத் துறைமுகத்திலும் இறங்க விடவில்லை, கப்பலிலேயே அலைக்கழிந்து அந்த வருஷம் அக்டோபரில் டெலகோவா விரிகுடாவில் செத்துப்போனார். உங்கள் பாட்டியின் குடும்பத்துக்கு நடந்தது அது இல்லை. அவர்கள் வந்தது 1927 கேப் டவுன் ஒப்பந்தத்தின் கீழ். குடும்பத்தலைவர் கையெழுத்தோ கைநாட்டோ வைத்துத்தான் வந்திருப்பார், போலீஸ் வந்து கழுத்தைப் பிடித்துத் தள்ளவில்லை.

ஆனால் அந்தக் கைநாட்டுக்குப் பின்னால் முப்பது வருஷத்துக்கு மேலான நெருக்கடி இருக்கிறது. 1860 நவம்பர் 16ல் ஒப்பந்தக் கூலிகளோடு முதல் கப்பல் மதராஸிலிருந்து டர்பன் வந்தது. 1911ல் ஆள் எடுப்பது நின்றபோது மொத்தம் ஒரு லட்சத்து ஐம்பதாயிரத்துக்கும் மேலானவர்கள் வந்து இறங்கியிருந்தார்கள். அதில் மூன்றில் இரண்டு பங்குக்குப் பக்கம் மதராஸ் துறைமுகத்தில் ஏறியவர்கள்தான், உங்கள் வட ஆற்காட்டுக்காரர்கள் அதில் ரொம்ப அதிகம். கரும்புத் தோட்டக்காரர்களுக்கு ஆள் வேண்டும், ஆனால் ஒப்பந்தம் முடிந்ததும் அந்த ஆள் இங்கே குடியானவனாகவோ கடைக்காரனாகவோ நிற்கக் கூடாது, இதுதான் நேட்டால் வெள்ளையர்களின் ஆரம்பகால ஆசையும் கடைசிவரை இருந்த ஆசையும். 1895ல் ஒரு சட்டம் போட்டார்கள்: ஒப்பந்தம் முடிந்தவன் ஊருக்குத் திரும்பு, இல்லை மறுபடி ஒப்பந்தத்தில் சேர், இரண்டும் இல்லையென்றால் வருஷத்துக்கு மூன்று பவுண்டு வரி கட்டு. மாதம் பத்து ஷில்லிங்கில் ஆரம்பித்த கூலியில், முழுசாக அரை வருஷச் சம்பளம் அல்லவா அது? பிறகு பிள்ளைகளுக்கும் அந்த வரியை நீட்டினார்கள். 1913ல் சுரங்கத்திலும் கரும்புக் காட்டிலும் வேலையை நிறுத்திவிட்டு ஆணும் பெண்ணுமாக நடந்தது இந்த வரிக்கு எதிராகத்தான், தில்லையாடி வள்ளியம்மை உயிர் விட்டது அந்தப் போராட்டத்தில்தான்.

1914ல் வரி போனது. அதே 1914 சட்டத்தில் இன்னொரு பிரிவு நுழைந்தது, அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை: இந்தியாவுக்குப் போக விரும்புகிறவனுக்கு அரசே இலவசமாகக் கப்பல் டிக்கெட் கொடுக்கும், பதிலுக்கு அவன் இங்கே குடியிருக்கும் உரிமையை எழுதிக் கொடுத்துவிட வேண்டும். நீங்கள் கேட்கிற திட்டத்தின் விதை அதுதான். டிக்கெட் மட்டும் கொடுத்தால் போதவில்லை என்று 1920களின் தொடக்கத்தில் ஆளுக்கு ஐந்து பவுண்டு சேர்த்தார்கள். 1924ல் அதைப் பத்தாக்கினார்கள். 1927ல் இருபது. விலை ஏறிக்கொண்டே போனதிலிருந்தே தெரிகிறதே, எதிர்பார்த்த அளவு ஆள் போகவில்லை என்று.

1927க்கு எப்படி வந்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். 1924ல் ஹெர்ட்ஸாக் பிரதமராக ஆட்சிக்கு வந்ததும் ஏழை வெள்ளையர்களுக்கு அரசு வேலை என்று ஒரு கொள்கை வந்தது. ரயில்வேயில் ஆயிரக்கணக்கில் இருந்த இந்தியர்கள் காலப்போக்கில் சில நூறாகச் சுருங்கிப்போனார்கள், அந்த இடத்தில் வெள்ளைக்காரப் பையன்கள் உட்கார்ந்தார்கள். உள்துறை அமைச்சர் மாலன் 1925ல் ஒரு மசோதா கொண்டுவந்தார். இந்தியர் எங்கே குடியிருக்கலாம், எங்கே கடை வைக்கலாம் என்று கோடு போடும் மசோதா. இந்தியர்கள் இந்த நாட்டில் அந்நியர்கள், அவர்கள் எண்ணிக்கையை நன்றாகக் குறைக்காத எந்தத் தீர்வும் தீர்வே இல்லை என்று அவரே பாராளுமன்றத்தில் வெளிப்படையாகச் சொன்னார். மதுக்கடை மசோதா என்று இன்னொன்று வந்தது. அதில் ஒரு பிரிவு நிறைவேறியிருந்தால் டர்பன் ஹோட்டல்களில் பரிமாறிக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கான நம் ஆட்கள் ஒரே நாளில் வீதிக்கு வந்திருப்பார்கள். (அந்தப் பிரிவை, பிறகு இந்திய அரசின் பிரதிநிதியாக இங்கே வந்திருந்த ஸ்ரீனிவாச சாஸ்திரி பேசிப் பேசியே நீக்க வைத்தார், அவர் கணக்கில் இதை வரவு வைக்கத்தான் வேண்டும்.)

இந்தச் சூழ்நிலையில் 1926 டிசம்பரில் கேப் டவுனில் இந்திய அரசுப் பிரதிநிதிகளும் ஒன்றிய அரசும், அதாவது தென்னாப்பிரிக்க அரசும், உட்கார்ந்து பேசினார்கள். முகமது ஹபீபுல்லா தலைமையில் வந்த குழுவில் சாஸ்திரியும் ஒருவர். 1927 பிப்ரவரியில் ஒப்பந்தம் வெளியானது. மாலனின் மசோதா கைவிடப்பட்டது. இங்கேயே இருக்கப்போகிற இந்தியர்களின் கல்வி, சுகாதாரம், வீடு எல்லாவற்றையும் மேம்படுத்துவோம் என்று ஒன்றிய அரசு ஒப்புக்கொண்டது. பதிலுக்கு, போக விரும்புகிறவர்களை அனுப்பும் திட்டத்துக்கு இந்திய அரசு ஒத்துழைக்கும். காந்தி இதைக் கௌரவமான சமரசம் என்றார். மசோதா போனது பெரிய விஷயம், மறுக்கவில்லை. டர்பனில் சாஸ்திரி கல்லூரி 1929ல் திறந்ததும் இந்த ஒப்பந்தத்தின் காற்றில்தான், எத்தனையோ ஏழைப் பிள்ளைகள் அங்கே படித்து மேலே வந்தார்கள். ஆனாலும் இங்கே தங்கிய குடும்பம் பள்ளிக்கூடம் பெற்றதற்கும் உங்கள் பாட்டியின் குடும்பம் கப்பலேறியதற்கும் ஒரே காகிதம்தான் காரணம் என்பதை நான் மறப்பதில்லை. ஒன்றுக்கு ஒன்று விலை.

இனி திட்டத்தின் விதிகளுக்கு வருவோம். இங்கேதான் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும், ஏனென்றால் உங்கள் வீட்டில் நடந்த பல விஷயங்களுக்கு விடை இந்த விதிகளுக்குள் இருக்கிறது.

பதினாறு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவருக்கும் இருபது பவுண்டு, அதற்குக் கீழே இருந்தால் பத்து. முன்பெல்லாம் ஒரு குடும்பத்துக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு இருந்தது, இப்போது அதை எடுத்துவிட்டார்கள், ஆக எத்தனை பிள்ளைகளோ அத்தனை பத்து. வீட்டிலிருந்து டர்பன் துறைமுகம் வரை ரயில், அங்கிருந்து கப்பல், மதராஸிலிருந்து ஊர் வரை மறுபடி ரயில், எல்லாம் ஒன்றிய அரசின் செலவு. உடம்பு முடியாமல் உழைக்க இயலாதவர்களுக்கு, அதிகாரிகள் மனசு வைத்தால், ஒரு சிறு ஓய்வூதியம். அப்புறம் ஒரு முக்கியமான விதி: குடும்பம் என்றால் தகப்பன் எடுக்கும் முடிவு மனைவியையும் பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளையும் கட்டுப்படுத்தும். உங்கள் பாட்டியின் அம்மா வேண்டாம் என்று சொல்லியிருந்தாலும் அதற்குச் சட்டத்தில் மதிப்பு இல்லை. கேட்டிருக்கவே மாட்டார்கள்.

பணத்தை டர்பனில் கையில் கொடுக்கவில்லை. இந்தியாவில், போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, வங்கி மூலமாகத்தான் கொடுக்க வேண்டும் என்பது விதி. நோக்கம் நல்லதுதான், வழியில் யாரும் ஏமாற்றிப் பிடுங்கக் கூடாது என்று. ஆனால் இதன் மறுபக்கம் என்னவென்றால், பணத்தைக் கண்ணால் பார்க்கும்போது மனிதன் ஏற்கெனவே கடலைத் தாண்டிவிட்டான்.

எவ்வளவு பணம் அது? அப்போது ரூபாய்க்கு ஒரு ஷில்லிங் ஆறு பென்ஸ் என்று மாற்று விகிதம். அப்பா, அம்மா, மூன்று சின்னப் பிள்ளைகள் என்று வைத்துக்கொண்டால் எழுபது பவுண்டு, அதாவது 933 ரூபாய். நாளுக்குச் சில அணா கூலி வாங்குகிற ஊரில் இது மலைப்பான தொகை. நிலம் வாங்கலாம், மாடு வாங்கலாம், ஓட்டு வீடு கட்டலாம் என்று கரும்புக் காட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டிருப்பார் உங்கள் கொள்ளுத்தாத்தா, அதில் தப்பே இல்லை, யாராக இருந்தாலும் போட்டிருப்போம். ஊரில் அந்தக் கணக்குப் பலித்ததா என்பது வேறு கதை, அதற்கு வருகிறேன்.

திரும்பி வரும் உரிமை இருந்ததா என்று கேட்டீர்கள். இருந்தது. புறப்பட்ட நாளிலிருந்து மூன்று வருஷத்துக்குள் திரும்பலாம். ஆனால் முதல் ஒரு வருஷத்துக்குள் வரக் கூடாது, அரசுச் செலவில் ஊர் பார்த்துவிட்டு வந்துவிடுவார்கள் என்று பயம். ஆக நடுவில் இரண்டு வருஷம்தான் கதவு திறந்திருந்தது. அந்தக் கதவில் ஒரு பூட்டும் இருந்தது: வாங்கிய பணம் முழுவதையும், கப்பல் கட்டணத்தையும், ரயில் கட்டணத்தையும், தனக்கும் குடும்பத்துக்கும் சேர்த்துத் திருப்பிக் கட்டிவிட்டுத்தான் கப்பலேறலாம். யோசித்துப் பாருங்கள். ஊரில் பிழைக்க முடிந்தவனிடம் பணம் இருக்கும், அவனுக்குத் திரும்ப அவசியம் இல்லை. பிழைக்க முடியாமல் கையில் இருந்ததைத் தின்று தீர்த்தவனுக்குத்தான் திரும்ப வேண்டும், அவனால் கட்ட முடியாது. யார் எழுதிய விதியோ தெரியாது, ரொம்பக் கெட்டிக்காரர்.

குடும்பத்தைப் பிரிக்கக் கூடாது, வந்தால் எல்லோரும் சேர்ந்தே வர வேண்டும் என்றும் ஒரு விதி. இதில் பெண்களைப் பற்றிய பகுதி எனக்கு எப்போது படித்தாலும் எரிச்சல் தரும். இடையில் யாராவது செத்துப்போயிருந்தால் திருப்பிக் கட்ட வேண்டிய தொகையில் அவர் பங்கைக் கழித்துக்கொள்வார்கள். இந்தியாவில் கல்யாணமாகித் திரும்பாத மகளுக்கும் அதே கழிவு. இரண்டையும் ஒரே வரியில் சேர்த்து எழுதியிருக்கிறார்கள். மகன் அங்கே கல்யாணம் செய்துகொண்டு பிள்ளை பெற்றிருந்தால், அப்பாவின் குடும்பத்தோடு சேர்ந்து வரும்வரை, மனைவி பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வரலாம். மகளுக்கு அது கிடையாது, இந்தியாவில் கட்டிய புருஷனின் நாடுதான் அவள் நாடு, முடிந்தது. நேட்டாலிலிருந்து வந்த பெண், கூடவே கொஞ்சம் பணம், ஊரில் சொந்தக்காரர்கள் என்ன செய்வார்கள்? முறைமாமன் யார் என்று பார்த்து முதல் தையிலேயே முடித்துவைப்பார்கள். அதோடு அந்தப் பெண்ணுக்கு, அவள் பிறந்த நாட்டின் கதவு சாத்தியாயிற்று.

மூன்று வருஷம் முடிந்த கடைசி நாளோடு குடியிருப்பு உரிமை போய்விடும். உங்கள் குடும்பம் 1928ல் புறப்பட்டிருந்தால் 1931ல் கணக்கு முடிந்தது.

சரி, மதராஸில் இறங்கியவர்களுக்கு என்ன ஆயிற்று? ஒப்பந்தப்படி இந்திய அரசு அவர்களுக்கு ஆலோசனை சொல்ல வேண்டும், பணத்தை வீணாக்காமலும் ஏமாற்றுக்காரர்களிடம் பறிகொடுக்காமலும் பாதுகாக்க வேண்டும், அவரவர் கைத்திறமைக்கு ஏற்ற வேலையில் அமர்த்த உதவ வேண்டும். இதற்கென்று மதராஸில் ஒரு தனி அதிகாரியையும் போட்டார்கள். ஆனால் விதியில் ஒவ்வொரு கடமைக்கும் பக்கத்தில் "முடிந்தவரை" என்று ஒரு சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது, நடைமுறையில் அந்தச் சொல்தான் ஆட்சி செய்தது. டன்ஹவுசர் நிலக்கரிச் சுரங்கத்தில் பாறை உடைத்தவனுக்கு வட ஆற்காட்டில் என்ன வேலை? அங்கே சுரங்கம் ஏது? கரும்பாலையில் இயந்திரம் ஓட்டியவன், டர்பன் நகரசபையில் சாலை போட்டவன், ஹோட்டலில் மேசை பார்த்தவன், இவர்களில் பாதிப்பேருக்கு ஏர் பிடிக்கத் தெரியாது, தெரிந்தவர்களுக்கு நிலம் இல்லை.

1931ல் பவானி தயாள் சந்நியாசியும் பனாரசிதாஸ் சதுர்வேதியும் இப்படித் திரும்பியவர்களை நேரில் போய்ப் பார்த்து ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். பவானி தயாள் தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர், எங்கள் ஊர் அரசியலில் ஊறியவர், திட்டத்தை எதிர்க்க அவருக்குக் காரணம் இருந்தது என்று சொல்வார்கள். இருக்கட்டும், அவர் சொன்னதை வேறு பக்கத்திலிருந்து வந்த செய்திகளும் மறுக்கவில்லை. வேலை இல்லை. தண்ணீரும் தட்பவெப்பமும் ஒத்துக்கொள்ளவில்லை, காய்ச்சலில் பிள்ளைகள் போனார்கள். சொந்தக்காரர்கள் பணம் இருக்கும்வரை உறவு கொண்டாடினார்கள். சாதி ஒரு பெரிய சுவர். கப்பலிலும் பாரக்ஸ் என்கிற கூலிக் குடியிருப்பிலும் ஒன்றாக உண்டு உறங்கி, சாதி பார்க்காமல் கல்யாணம் கட்டிக்கொண்டவர்கள் இங்கே நிறைய, அப்படிப்பட்டவர்கள் ஊருக்குள் போனால் எந்தத் தெருவில் குடியேறுவார்கள்? பந்தியில் சேர்த்துக்கொள்ளச் சாதிக்காரர்களுக்குச் செலவு செய்தே ஊக்கத்தொகை கரைந்த வீடுகள் உண்டு. எல்லோரும் நாசமாகப் போனார்கள் என்று சொல்ல வரவில்லை. ஊரில் நிலமும் நெருங்கிய உறவும் இருந்தவர்கள், கிழவர்களாகிப் பிறந்த மண்ணில் கண்ணை மூட ஆசைப்பட்டு வந்தவர்கள், இவர்கள் ஓரளவு தாக்குப்பிடித்தார்கள். அடிபட்டது நேட்டாலில் பிறந்து வளர்ந்தவர்கள்தான். அவர்களை ஊருக்குத் திருப்பி அனுப்பியதாக அரசு எழுதிக்கொண்டது, அவர்களோ அந்த ஊரை அதற்குமுன் பார்த்ததே இல்லை. வீட்டில் தமிழ், வெளியில் பனகலோ என்கிற கலப்பு மொழியும் ஜூலுவும் பேசி, மக்காச்சோளக் கஞ்சி குடித்து வளர்ந்த பிள்ளைக்கு வேலூர் வெயில் எப்படி இருந்திருக்கும் என்று உங்கள் பாட்டி சொல்லியிருப்பார், எனக்கு நீங்கள்தான் எழுத வேண்டும்.

விதியில் இன்னொரு வழியும் இருந்தது. மதராஸில் இறங்கியவர் விரும்பினால் இந்திய அரசு அனுமதித்த வேறு குடியேற்றத் திட்டங்களில் சேர்ந்துகொள்ளலாம், அதாவது இலங்கைத் தேயிலைக்கோ மலாயா ரப்பருக்கோ. வந்த வேகத்தில் மறுபடி கப்பலேறியவர்கள் உண்டு. ஆனால் 1930ல் உலகமே மந்தத்தில் விழ, ரப்பர் விலை சரிந்து, மலாயா ஆள் எடுப்பதை நிறுத்தியது மட்டுமல்ல, அங்கிருந்தே பல்லாயிரம் தமிழர்களை மதராஸுக்குத் திருப்பி அனுப்பியது. நேட்டாலிலிருந்து வந்தவனும் பினாங்கிலிருந்து வந்தவனும் ஒரே துறைமுகத்தில் வேலை கேட்டு நின்ற காலம் அது. உங்கள் குடும்பம் சரியாக அந்த நேரத்தில்தான் ஊரில் கால் ஊன்றப் பார்த்திருக்கிறது, அதனால் "தாத்தா பணத்தை ஊதாரித்தனமாகச் செலவழித்துவிட்டார்" என்று வீட்டில் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இந்தச் செய்திகள் கடிதமாக டர்பனுக்கு வந்து சேர்ந்தன. இங்கே கடிதம் ஒருவருக்கு வந்தால் தெருவுக்கே வந்த மாதிரி, மேகசின் பாரக்ஸில் ஒருவர் படிக்கப் பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். முதல் இரண்டு வருஷம் நல்ல கூட்டம் போனது, பிறகு எண்ணிக்கை மளமளவென்று இறங்கியது. 1932ல் இரண்டாவது மாநாடு கூடியபோது இரண்டு அரசுகளும் உண்மையை ஒப்புக்கொண்டன: திட்டம் கிட்டத்தட்டத் தீர்ந்துபோயிற்று, இந்தியாவின் பொருளாதார நிலையும் தட்பவெப்பமும் ஒரு காரணம், தென்னாப்பிரிக்க இந்தியர்களில் நூற்றுக்கு எண்பது பேர் இங்கேயே பிறந்தவர்கள் என்பது இன்னொரு காரணம்.

அதோடு விட்டார்களா என்றால், இல்லை. இந்தியாவுக்குப் போகமாட்டார்கள் என்றால் வேறு எங்காவது புது நாட்டில் கொண்டுபோய்க் குடியேற்றலாமே என்று அடுத்த யோசனை. 1933ல் ஜேம்ஸ் யங் தலைமையில் ஒரு குழு போட்டு, உலக வரைபடத்தை விரித்து வைத்துப் பார்த்தார்கள். பிரிட்டிஷ் வட போர்னியோ, பிரிட்டிஷ் கயானா, நியூ கினி, இந்த மூன்றும் ஆராயத் தகுந்தவை என்று அறிக்கை வந்தது. கேட்டால் சிரிப்பு வரும். கரும்புக் காட்டைத் திருத்தி, டர்பன் சதுப்பில் காய்கறி போட்டு, கோயில் கட்டி, காவடி எடுத்து, மூன்று தலைமுறை ஓட்டியவர்களைப் பார்த்து, போர்னியோ காடு நன்றாக இருக்கும், போய் வெட்டித் திருத்துங்கள் என்றால்? இந்தக் குழுவோடு ஒத்துழைக்கலாம் என்று இங்குள்ள தென்னாப்பிரிக்க இந்தியக் காங்கிரஸின் தலைவர்கள் சொன்னதுதான் இங்குள்ள இளைஞர்களை அதிகமாகச் சுட்டது. ஆல்பர்ட் கிறிஸ்டோபர் போன்றவர்கள் தனியாகப் பிரிந்து, குடியேற்ற நாட்டில் பிறந்த இந்தியர்களுக்கென்று ஒரு சங்கமே தொடங்கினார்கள். வணிகர்கள் தங்கள் கடைகளைக் காப்பாற்றிக்கொள்ள ஏழைகளைக் கப்பலேற்றச் சம்மதிக்கிறார்கள் என்பது அவர்கள் குற்றச்சாட்டு. நான் படித்தவரையில் அதில் பாதிக்குமேல் நியாயம் இருந்தது. கடைசியில் ஒரு குடும்பம்கூடப் போர்னியோ போகவில்லை, அறிக்கை அலமாரியில் தூங்கியது.

1921 கணக்கெடுப்பில் சுமார் 1,60,000 ஆக இருந்த இந்தியர்கள் 1936ல் 2 லட்சத்தைத் தாண்டினார்கள். அத்தனை பணம் செலவழித்துச் சாதித்தது அவ்வளவுதான். இருந்தும் இவர்களை இந்த நாட்டின் நிரந்தர மக்கள் என்று அரசு வாய்திறந்து ஒப்புக்கொண்டது 1961ல்தான்.

இன்றைக்கு உரிமை கேட்க முடியுமா என்ற கேள்விக்கு நேரடியாகச் சொல்கிறேன்: முடியாது. 1931ல் அவர்கள் குடியிருப்பு உரிமை சட்டப்படி தீர்ந்துவிட்டது. தென்னாப்பிரிக்கக் குடியுரிமை என்ற சட்டமே 1949ல்தான் வந்தது, அப்போது உங்கள் பாட்டி வேலூரில் இருந்தார். வம்சாவளியாகக் குடியுரிமை வேண்டுமென்றால் பெற்றவர்களில் ஒருவராவது இந்நாட்டுக் குடிமகனாக இருந்திருக்க வேண்டும். கொள்ளுத்தாத்தாவின் பெயரைக் காட்டி வாங்கித்தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

பதிவைத் தேடுவது நடக்கிற காரியம். கூலி ஒப்பந்தத்தில் நேட்டாலுக்கு வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு எண் உண்டு, கப்பல் பட்டியலில் அந்த எண்ணுக்கு எதிரே பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம், அதாவது முழங்காலில் தழும்பு, நெற்றியில் வெட்டு என்கிற மாதிரி, எல்லாம் இருக்கும். யாரிடம் வேலைக்கு அனுப்பினார்கள் என்பதும், பல பேருக்கு இந்தியா திரும்பிய விவரமும் பின்னால் எழுதிச் சேர்க்கப்பட்டிருக்கும். இந்தப் பட்டியல்கள் டர்பன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, குவாசூலு நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் உள்ள காந்தி லுதுலி ஆவண மையத்திலும் பார்க்கலாம். பாட்டி இங்கே பிறந்தவர் என்றால் பிறப்புப் பதிவையும் தேடலாம், ஒப்பந்தக் கூலிகளின் பிள்ளைகள் பிறப்பைக் குடியேறிகள் பாதுகாவலர் அலுவலகத்தில்தான் பதிவார்கள், இங்குள்ள பெரியவர்கள் அதைப் புரடெக்டர் ஆபீஸ் என்பார்கள்.

பெயரில்தான் சிக்கல். வெள்ளைக்கார குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதியிருப்பார். முனுசாமி மூன்சாமி ஆகியிருக்கும், முதலி மூட்லி ஆகியிருக்கும், கவுண்டர் கோவெண்டர் ஆகியிருக்கும். அதிலும் பல பேருக்குக் குடும்பப் பெயரே இருக்காது, தாத்தாவின் பெயரே பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயராகிவிடும். ஆகவே பெயரை வைத்துத் தேடாதீர்கள், கிராமத்தையும் தகப்பன் பெயரையும் வைத்துத் தேடுங்கள், அந்த இரண்டும் பொருந்தினால் எழுத்து எப்படி இருந்தாலும் ஆள் அவர்தான்.

இன்னொரு வழி உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. ஒவ்வொரு கப்பல் புறப்படுவதற்கும் குறைந்தது ஒரு மாதம் முன்பாக, வருகிற குடும்பங்களின் பட்டியலை இந்தியாவுக்கு அனுப்ப வேண்டும் என்பது ஒப்பந்த விதி: யார் யார் வருகிறார்கள், இங்கே என்ன வேலை செய்தார்கள், அங்கே என்ன வேலை வேண்டும் என்கிறார்கள், கையில் எவ்வளவு பணம். சென்னை எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் 1927 முதல் 1931 வரையிலான குடிபெயர்வு சம்பந்தமான அரசாணைகளைக் கேட்டுப் பாருங்கள். முதலில் ஆராய்ச்சி அனுமதிக்கு விண்ணப்பம் போட வேண்டியிருக்கும், அடையாள அட்டை நகலோடு ஒரு கடிதம் எழுதிக் கொண்டுபோங்கள். பாட்டியின் அப்பா பெயர், கிராமம், நேட்டாலில் எந்தத் தோட்டம் அல்லது சுரங்கம் என்று வீட்டில் யாருக்காவது நினைவிருந்தால் அது, இந்த மூன்றையும் எனக்கு எழுதுங்கள், இந்தப் பக்கத்துப் பட்டியலை நான் பார்க்கிறேன்.